கண்டப்பெயர்ச்சி: பெயர்ச்சின்னு ஏன் சொல்றோம்?

குருப்பெயர்ச்சி வந்துட்டா பட்டமங்கலம் தட்சிணாமூர்த்தி கோயில்ல கூட்டம் தாங்காது, காரைக்குடிலேருந்தெல்லாம் பஸ் புடிச்சுப் போவாக. அதே பெயர்ச்சிதான் புவியியல்ல கண்டப்பெயர்ச்சி, இங்கிலீஷ்ல கான்டினென்டல் டிரிஃப்ட்.

கண்டமெல்லாம் ஒரு காலத்துல ஒட்டி ஒரே நெலமா கெடந்துச்சு, அப்புறம் பிரிஞ்சு விலகிப் போச்சுன்னு 1912ல சொன்னவரு ஆல்ஃபிரட் வேகனர், ஜெர்மன்காரரு, பாத்த வேலை வானிலை ஆய்வு, 1915ல புத்தகமாவும் போட்டாரு. அந்த ஒத்த நெலத்துக்குப் பேரு பாஞ்சியா, கிரேக்கத்துல 'எல்லா நெலமும்'னு அர்த்தம். அவரு போட்ட ஜெர்மன் சொல்லு ஃபெர்ஷீபுங், அதாவது இடம் தள்ளிப் போறது. அது இங்கிலீஷ்ல டிரிஃப்ட் ஆனப்பதான் ஏதோ தண்ணில அடிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு நெனப்பு ஒட்டிக்கிச்சு. கண்டம் தனியா தெப்பம் மாதிரி கடலைக் கிழிச்சுக்கிட்டுப் போகலங்க, கடல்தரையும் சேர்ந்த பெரிய பெரிய தட்டா, அடியில சூடா இளகிக் கெடக்குற பாறை மேல வருசத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகருது. எது தள்ளுதுன்னு வேகனர்கிட்ட கேட்டாக, அவரு சொன்ன காரணம் எடுபடல, 1930ல கிரீன்லாந்து பனியில செத்தும் போனாரு. 1960கள்ல, கடல் நடுவுல தரை பிளந்து புதுப்பாறை உருவாகுதுன்னு தெரிஞ்சப்புறந்தான் பலபேரு ஒத்துக்கிட்டாக.

இனி நம்ம சொல்லு. பழைய வீட்டுச் சுவத்துல 'காரை பேந்துருச்சு'ன்னு ஆச்சிமாருக சொல்றாகளே, அது பெயர்ந்துருச்சுங்கறது வாயில தேஞ்சு வந்ததுதான். ஆக ஒட்டியிருந்தது விட்டு வர்றதும் சரி, இடம் மாறுறதும் சரி, ரெண்டும் பெயர்தலுக்குள்ளயே அடங்கிருச்சு, டிரிஃப்ட்டுல மொதப் பாதி கெடையவே கெடையாது. 'கண்ட நகர்வு'ன்னும் எழுதுறாக, தப்புன்னு சொல்லல, ஆனா என் ஓட்டு பெயர்ச்சிக்குத்தான்.

பாஞ்சியாவோட தென்பாதி கோண்டுவானா. இந்தப் பேரு நடு இந்தியாவுல கோண்டு மக்கள் இருக்குற பூமியிலேருந்து வந்தது, அவுக பேசுற கோண்டியும் தமிழ் மாதிரி திராவிட மொழிதான் (இதைப் பாடப்புத்தகத்துல பெருசா எழுதியிருக்கலாம்). நம்ம சிவகங்கைப் பக்கம் பென்சிலுக்குப் போடுற கிராஃபைட் எடுக்குறாகல்ல, அது இலங்கையிலயும் கெடைக்குது, மடகாஸ்கர்லயும் கெடைக்குது. கோண்டுவானாவுல இந்த மூணும் ஒட்டிக் கெடந்த நெலங்க.