அசனம்னா என்ன? ஒரு சொல் விளக்கம்

திருநெல்வேலி தூத்துக்குடி பக்கத்து ஆளுங்களுக்கு இந்த வார்த்தைய விளக்கவே வேண்டாம், "நாளைக்கு கோயில்ல அசனம்"னு சொன்னா போதும், வீட்ல அடுப்பு பத்த வைக்க வேண்டாம்னு எல்லாருக்கும் தெரியும். சர்ச் பண்டிகைல ஊரே கூடிச் சாப்பிடற சாப்பாடுதான் அசனம் (சர்ச்சையும் எங்க பக்கம் கோயில்னுதான் சொல்வோம்). ஆனா எங்க ஊர் பிரதிஷ்டை பண்டிகை (சர்ச் அர்ப்பணிச்ச நாளக் கொண்டாடறது) அழைப்பிதழ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சப்போ கூட வேலை பாக்கற காஞ்சிபுரத்துக்காரர் ஒருத்தர் "சர்ச்ல யோகா கிளாஸா?"ன்னு நெஜமாவே கேட்டார். கேட்டது நியாயம்தான், ஒரு எழுத்து நீண்டா அர்த்தமே மாறிடுது.

ஆசனம் வேற, அசனம் வேற. ரெண்டும் சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுதான் ஆனா வேர் வேற வேற. ஆசனத்துக்கு வேர் உட்கார்றது. அசனத்துக்கு வேர் சாப்பிடறது, அதனால அசனம்னா சாப்பாடு, சாப்பிடற செயல், அவ்வளவுதான். குழந்தைக்கு முதல் முதல்ல சோறு ஊட்டறத அன்னப்பிராசனம்னு சொல்றாங்கல்ல, அதோட கடைசில ஒளிஞ்சிருக்கிறது இதே அசனம்தான். 2011ல அண்ணா ஹசாரே டெல்லில உண்ணாவிரதம் இருந்தப்போ இந்தி சேனல்ல "அன்ஷன் அன்ஷன்"னு சொல்லிட்டே இருந்தாங்க, அது அன்+அசனம், சாப்பிடாம இருக்கறது. கறிக்குழம்பு ஊத்தறதால அசைவத்துல இருந்து அசனம் வந்துச்சுன்னு எங்க ஊர்லயே சிலபேர் நினைக்கிறாங்க, அதுவும் கிடையாது, வெறும் சாம்பார் சோறு போட்டாலும் அசனம் அசனம்தான்.

ஜெபம், ஸ்தோத்திரம், ஆராதனை, பிரதிஷ்டைன்னு பழைய கிறிஸ்தவத் தமிழ் பூராவும் வடமொழி கலந்ததுதானே, அதுல இதுவும் ஒண்ணு. மத்ததெல்லாம் ஐயர் பிரசங்கத்துல கேட்கற வார்த்தையாவே நின்னுபோச்சு (எங்க பக்கம் சி.எஸ்.ஐ.ங்கற புராட்டஸ்டன்ட் சபையோட குருவானவர ஐயர்னுதான் சொல்வோம்), அசனம் மட்டும் வீட்டுப் பேச்சுல முழுசா எறங்கிடுச்சு. அசனச் சோறு, அசனக் குழம்பு, அசனம் போடறாங்க, அசனத்துக்கு வந்துரு, இப்படி. ஆர்.சி. (கத்தோலிக்க) கோயில் திருவிழாலயும் இதே பேருதான்.

பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். முந்தின நாள் சாயங்காலமே கோயில் வளாகத்துல வரிசையா அடுப்பு வெட்டிருவாங்க. அரிசி ஒரு வீட்ல இருந்து, கிடா ஒரு வீட்ல இருந்து, காய்கறி விறகு தேங்கான்னு ஆளுக்கு ஒண்ணா வந்து சேரும், ஒண்ணும் தர முடியாதவங்க ராத்திரி உக்காந்து வெங்காயம் உரிப்பாங்க. விடியறப்போ வடிச்ச சோத்த பாய் விரிச்சு வெள்ளைத்துணி போட்டு அதுமேல கொட்டுவாங்க, ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்குக் குமிஞ்சு ஆவி பறக்கும், பக்கத்துல நின்னா முகம் வேர்த்துரும். ஆராதனை முடிஞ்சு ஐயர் வந்து அந்தச் சோத்துக் குவியல் முன்னால நின்னு ஜெபம் பண்ணதுக்கு அப்புறம்தான் முதல் பெட்டி சோறு அள்ளுவாங்க. எந்த மதம்னு கேக்கறது இல்ல, பஸ்ஸுக்கு நிக்கறவங்களையும் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. சாப்பிட்டு எந்திரிச்சவங்க கையில ஒரு தூக்குவாளி இருக்கும், படுத்த படுக்கையா இருக்கற தாத்தாவுக்கு, பிரசவமான பொண்ணுக்குன்னு வர முடியாத ஆளுங்க பங்கு அதுல போகும்.

இங்கதான் எனக்கு இந்த வார்த்தை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அன்னதானம்ங்கற சொல்லுல தானம் இருக்கு, அதனால குடுக்கறவர் ஒருத்தர் வாங்கறவர் ஒருத்தர்னு ரெண்டு பேர் அதுக்குள்ளயே நிக்கறாங்க. விருந்துன்னாலும் வீட்டுக்காரர் ஒருத்தர் வந்தவர் ஒருத்தர். அசனத்துல அந்தப் பிரிவே இல்ல, சாப்பிடறது மட்டும்தான் இருக்கு. கிடா குடுத்தவரும் வெங்காயம் உரிச்சவரும் சும்மா வந்தவரும் ஒரே பந்தில ஒரே குழம்பு சாப்பிடறாங்க, யாரு குடுத்ததுன்னு இலைல தெரியாது.

முதல் கிறிஸ்தவ சபையப் பத்தி பைபிள்ல அப்போஸ்தலர் 2:46ல வர்றதும் இதேதான், வீடுகள்தோறும் அப்பம் பிட்டு "மகிழ்ச்சியோடும் கபடமில்லாத இருதயத்தோடும்" போஜனம் பண்ணினாங்கன்னு. தேவாலயமும் சாப்பாடும் சந்தோஷமும் ஒரே வசனத்துல. முதல் கிறிஸ்தவங்க இப்படிக் கூடிச் சாப்பிட்ட விருந்துக்கு கிரேக்கத்துல அகாபேன்னு பேரு, அன்புக்கும் அதே சொல்லுதான், தமிழ் பைபிள்ல யூதா நிருபத்துல அன்பின் விருந்துன்னு வருது. கி.பி. 197 வாக்குல வட ஆப்பிரிக்காவுல கார்த்தேஜ் ஊர்ல தெர்துல்லியன்ங்கற கிறிஸ்தவ எழுத்தாளர் இதப் பத்தி எழுதி வச்சிருக்கார், ஜெபம் பண்ணிட்டு உக்காருவாங்க, பசி தீரற அளவு சாப்பிடுவாங்க, அப்புறம் விளக்கேத்திப் பாடுவாங்க, ஏழைகளுக்கு இதனால ஆறுதல்னு. சொதப்பினதும் உண்டு, கொரிந்து ஊர் சபைல வசதியானவங்க முந்திச் சாப்பிட்டு ஏழைங்க பசியோட நின்னாங்க, அப்போஸ்தலர் பவுல் அதக் கடுமையா கண்டிச்சார். இன்னைக்கும் விஐபிக்கு தனி ரூம்ல மேஜை போட்டு முதல்லயே பரிமாறற அசனத்த நான் பாத்திருக்கேன், எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்ல, அது அசனமே கிடையாதுன்னுதான் சொல்வேன்.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? உணவு, ஊண், சோறு எல்லாம் பொருளுக்கு சரி ஆனா கூடிச் சாப்பிடறது அதுல வரல. சமபந்தின்னு போடலாம்னா பந்தியே 'பங்க்தி'ல இருந்து வந்த வடசொல்தான். விருந்துக்கு பழைய அர்த்தம் புதுசுன்னு, அப்புறம் புதுசா வந்த ஆளுன்னு ஆச்சு, வள்ளுவர் விருந்தோம்பல்னு சொன்னது வந்த ஆள கவனிக்கறதத்தான். புறநானூறு 2ல உதியஞ்சேரல் போட்ட சாப்பாட்ட பெருஞ்சோறுன்னு பாடியிருக்காங்க, அளவுக்குப் பொருந்துது ஆனா அது ராஜா போட்டது, மறுபடி குடுக்கறவர் வந்துட்டார்.

என் தேர்வு பாத்தூண். திருக்குறள் 227ல வருது, "பாத்தூண் மரீஇ யவனைப் பசியென்னும் தீப்பிணி தீண்டல் அரிது"ன்னு. பாத்து+ஊண், பாத்துன்னா பகுத்து, ஆக பகிர்ந்து சாப்பிடற சாப்பாடு. 44வது குறள்லயும் இதே சொல் இருக்கு. அசனத்துல இருக்கற எல்லாமே இதுல வந்துருது, இன்னும் சொன்னா பகிர்றதையும் சேத்தே சொல்லுது, அசனம்ங்கற சொல்லுல அது இல்ல, நம்ம பழக்கத்துலதான் இருக்கு. அழைப்பிதழ்ல 'அசனம்'னு போட்டு பக்கத்துலயே 'பாத்தூண்'னும் போட்டா நல்லா இருக்கும்னு எனக்கு ஆசை.

எங்க சித்திகிட்ட சொல்லிப் பாத்தேன். "எதப் பாத்து உண்ணணும்?"னு கேட்டாங்க. பார்க்கறது இல்ல சித்தி, பகுத்து உண்றதுன்னேன். "ஓ, தூக்குவாளிச் சோறா"ன்னாங்க.