சொல் விளக்கம்: கோஸ்தா ரிக்கா

நடு அமெரிக்காவில், வடக்கே நிக்கராகுவாவும் தெற்கே பனாமாவும் எல்லையாக, ஒருபுறம் கரிபியக் கடலும் மறுபுறம் பசிபிக் பெருங்கடலும் அமைய, 51,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் நாட்டின் பெயர் இது. ஸ்பானிய மொழியில் 'கோஸ்தா' என்பது கரை. 'ரிக்கா' என்பது வளம் மிக்க என்னும் பெயரடை. ஆகவே நேர்த் தமிழ் 'வளக்கரை'.

'கோஸ்தா' என்பதன் மூலம் இலத்தீன். அங்கே அதற்கு விலா எலும்பு என்பதே பொருள். விலா உடலின் பக்கம் ஆதலால் பக்கம் என்றும், பின்னர் நிலத்தின் பக்கம், அதாவது கடலோரம் என்றும் பொருள் நகர்ந்தது. பழம்பொருள் அறவே மறைந்துவிடவில்லை; இன்றும் ஸ்பானிய மொழி பேசுவோர் கறிக்கடையில் விலா எலும்பைக் கேட்கும்போது 'கோஸ்தியா' என்றே கேட்கிறார்கள். 'ரிக்கா'வின் வேர், பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றான கோத்திய மொழியில் ஆட்சியாளனைக் குறித்த சொல்லில் இருக்கிறது. இலத்தீன் 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' ஆகியவை அதற்கு உறவு. நாம் வழங்கும் 'ராஜா'வும் அவ்வகையில் 'ரிக்கா'வுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

1502 செப்டம்பரில், தம் நான்காம் பயணத்தில், கொலம்பஸ் இன்றைய லிமோன் துறைமுகப் பகுதியை அடைந்தார். அங்கிருந்த மக்கள் அணிந்திருந்த பொன்னணிகளைக் கண்ட ஸ்பானியர், இது செல்வக் கரை என்று நம்பியதால் இப்பெயர் நிலைத்தது என்பர். நம்பிக்கை பொய்த்தது. எதிர்பார்த்த பொன் கிடைக்காமல், ஸ்பானியப் பேரரசின் வறிய மூலைகளுள் ஒன்றாகவே அந்நாடு நெடுங்காலம் கிடந்தது. 1821இல் விடுதலை பெற்ற பின், 19ஆம் நூற்றாண்டில், காப்பி ஏற்றுமதிதான் பெயருக்குப் பொருள் சேர்த்தது. தலைநகர் சான் ஹோசே ஏறத்தாழ மதுரையின் அட்சரேகையிலேயே உள்ளது; ஆயினும் 1,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் மதுரை வெயில் அங்கில்லை, அந்த மேட்டுநிலமே காப்பிக்கு உகந்ததாயிற்று.

அந்நாட்டினர் தம்மைத் 'திக்கோ' என்பர். சிறுமை சுட்டும் விகுதியாக 'இக்கோ'வை அவர்கள் விரும்பிச் சேர்ப்பதால் வந்த செல்லப்பெயர் அது. 'மொமெந்தோ' (கணம்) அவர்கள் வாயில் 'மொமெந்திக்கோ' ஆகிவிடும்.

இப்பெயரைப் போர்த்தோ ரிக்கோவுடன் குழப்பிக்கொள்வோர் உண்டு. அது கரிபியத் தீவு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்டது. 'வளத்துறைமுகம்' என்று பொருள்படும். துறைமுகம் ஸ்பானியத்தில் ஆண்பால், கரை பெண்பால். 'ரிக்கோ', 'ரிக்கா' என்ற வேறுபாடு அதனால் வந்ததே.

எழுதும் முறைக்கு வருவோம். 'வளக்கரை' பொருள் விளக்கத்துக்கு உரியது; நாட்டின் பெயராக அதை ஆளுவது பொருந்தாது. 'கோஸ்டா' என்பது ஆங்கிலவழி ஒலிப்பு. ஸ்பானியர் அதை நாக்கு பல்லைத் தொடும் 'த' ஒலியாகவே சொல்வதால் 'கோஸ்தா'வே நெருக்கமானது. கிரந்தம் தவிர்ப்போர் 'கொசுத்தாரிக்கா' என ஒரே சொல்லாக எழுதலாம். ரகரம் மொழிமுதலில் வாராது என்ற இலக்கண விதியும் அப்போது இடறாது.