டர்போபிராப்: விசையாழி உந்தி

டர்பைன் சுழற்றும் காற்றாடியால் உந்தப்படும் விமானத்துக்கும் அதன் எஞ்சினுக்கும் 'டர்போபிராப்' என்று பெயர். இது இரண்டு சொற்களின் தலைப்பாதிகளை ஒட்டிச் செய்தது. 'டர்போ' டர்பைனிலிருந்தும் (பாயும் நீரோ வாயுவோ சுழற்றும் சக்கரம்) 'பிராப்' புரொப்பெல்லரிலிருந்தும் (காற்றாடி) வந்தவை. டர்பைன் என்ற பெயரை 1822இல் பிரெஞ்சுப் பொறியாளர் குளோட் பூர்தேன் நீர்ச்சக்கரங்களைப் பற்றி எழுதியபோது உருவாக்கினார். அதன் லத்தீன் வேர் பம்பரத்தையும் சூறைக்காற்றையும் குறிக்கும். புரொப்பெல்லருக்கு வேர், 'முன்னே தள்ளு' என்னும் லத்தீன் வினை.

காற்றாடி வெளியே தெரிவதால் இதைப் பழங்கால விமானம் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது தவறு. உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் உள்ள அதே வகை வாயு டர்பைன்தான். எரிந்த வாயுவின் ஆற்றலில் பெரும்பகுதியை டர்பைன் வாங்கிப் புரொப்பெல்லருக்குக் கொடுத்துவிடுகிறது. பின்பக்கம் வெளியேறும் வாயு தரும் தள்ளுதல் சொற்பம். டர்பைனுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே பல்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. டர்பைன் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும். புரொப்பெல்லரை அந்த வேகத்தில் விட்டால் இதழ்களின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். இரைச்சல் கூடும், உந்துதிறன் குறையும். அதனால் ஏ.டி.ஆர். 72 என்ற குறுந்தொலைவுப் பயணிகள் விமானத்தில் அந்த வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 சுற்றுக்குக் குறைக்கப்படுகிறது.

முதல் டர்போபிராப் எஞ்சினைச் செய்தவர் ஹங்கேரியின் ஜியார்ஜி யெண்ட்ராஷிக். அது 1940இல் புடாபெஸ்டில் ஓட்டிப் பார்க்கப்பட்டது, ஆனால் வானேறவே இல்லை. பிரிட்டனில் 1945 செப்டம்பரில் ஒரு குளோஸ்டர் மீட்டியார் விமானம் ரோல்ஸ்-ராய்ஸ் டர்போபிராப் எஞ்சின்களோடு பறந்தது. 1948இல் முதன்முதல் பறந்த விக்கர்ஸ் வைக்கவுண்ட் என்ற டர்போபிராப் விமானம், 1950 ஜூலையில் லண்டனிலிருந்து பாரிசுக்குப் பயணிகளைக் கொண்டுபோனது.

பெரிய ஜெட்கள் வந்ததும் நெடுந்தொலைவு வழிகள் கைநழுவின. குறுந்தொலைவில் டர்போபிராப் நிலைத்துவிட்டது. மணிக்கு 500 கி.மீ. வேகம் ஜெட்டுக்கு ஈடில்லைதான்; ஆனால் ஒரு மணி நேரத்துக்குட்பட்ட பயணத்தில் அந்த வித்தியாசம் சில நிமிடங்களே, எரிபொருளோ கணிசமாக மிச்சம். ஓடுபாதை நீளமாக இருக்க வேண்டியதும் இல்லை.

இந்தத் தேவையைக் குறிவைத்து 1981இல் பிரான்சின் ஏரோஸ்பாசியாலும் இத்தாலியின் ஏரித்தாலியாவும் சேர்ந்து ஏ.டி.ஆர். நிறுவனத்தைத் தொடங்கின. பெயருக்குப் 'பிராந்தியப் போக்குவரத்து விமானங்கள்' என்று பொருள். பிரெஞ்சிலும் இத்தாலியிலும் அதே மூன்று முதலெழுத்துகள் வருவது அழகு. ஏ.டி.ஆர். 42 1984இலும், நீட்டிய உடலுள்ள 72 1988இலும் முதலில் பறந்தன. எண்கள் இருக்கைக் கணக்கைச் சுட்டுபவை. தரையில் நிற்கும்போது மின்சாரத்துக்கென்று இவற்றில் தனி எஞ்சின் கிடையாது. வலப்பக்க எஞ்சினின் புரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு டர்பைனை மட்டும் ஓடவிடலாம். எஞ்சின் இரைய, காற்றாடி அசையாமல் நிற்பதைப் பார்த்துப் பழுதோ என்று பயப்பட வேண்டாம். பயணிகளைத் தவிரச் சரக்கு, கடலோரக் கண்காணிப்பு ஆகியவற்றிலும் இவை இருக்கின்றன.

தமிழில் என்ன சொல்வது? 'காற்றாடி விமானம்' பேச்சுக்கு இனிது, ஆனால் பழைய பிஸ்டன் எஞ்சின் விமானமும் அதில் அடங்கிவிடும். 'சுழல்விசிறி' டர்போஃபேனுக்கு, அதாவது உறைக்குள் பெரிய விசிறி சுழலும் ஜெட் எஞ்சினுக்குப் பொருந்துவது; இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம். டர்பைனைச் 'சுழலி' என்பாரும் உண்டு. ஆனால் இந்த விமானத்தில் கண்ணுக்குத் தெரிந்து சுழல்வது புரொப்பெல்லர்தான், அதனால் வாசகர் மனம் அங்கேதான் போகும். விசையால் உருளும் சக்கரம் என்ற பொருளில் 'விசையாழி' துல்லியமானது. ஆழிக்குச் சக்கரம் என்ற பழம்பொருள் இருக்கிறது.

புரொப்பெல்லருக்கு 'உந்தி'. 'உந்து' என்ற வினை லத்தீன் வேருக்கு நேரே நிற்கிறது. உந்தி என்றால் கொப்பூழ் அல்லவா என்று இலக்கியம் படித்தவர் முகம் சுளிக்கலாம். 'விசையாழி உந்தி' என்று சேர்த்துச் சொன்னால் அந்தச் சந்தேகம் எழாது. 'பிராந்திய' என்பதைவிடக் 'குறுவழி' எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இங்கே பேசப்படுவது பறக்கும் தொலைவு. ஆக, ஏ.டி.ஆர். 72 என்பது இரட்டை விசையாழி உந்தி பொருத்திய குறுவழி வானூர்தி. செய்தித் தலைப்புக்கு இது நீளம்தான். அங்கே டர்போபிராப் என்றே எழுதிவிட்டு முதல் பத்தியில் தமிழ்ச் சொல்லைத் தரலாம்.