வைரஸ் விட்டுப்போன சுவிட்ச்

மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி நமக்குக் கணையத்திலும் சுரக்கிறது, உமிழ்நீரிலும் சுரக்கிறது. உமிழ்நீர் அமைலேஸ் மரபணு, கணைய மரபணுவின் நகலிலிருந்து கிளைத்தது. அப்படியிருக்க, அது வாய்க்கு இடம் மாறியது எப்படி? விடை மரபணுவுக்குள் இல்லை. அதற்குச் சற்று முன்னால், எப்போதோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு ரெட்ரோவைரஸின் (தன் மரபணுக்களை நம் டிஎன்ஏவில் செருகிவிடும் வைரஸ்) எச்சத்தில் இருக்கிறது. அந்த எச்சத்தின் ஒரு பகுதியை வேறொரு மரபணுவுக்கு முன்னால் பொருத்தி எலிகளில் செலுத்தினார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்த மரபணுவும் விழித்துக்கொண்டது. 1992இல் வெளியான ஆய்வு இது.

மரபணுவின் வரிசையை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வேலை எந்தச் செல்லில், எவ்வளவு நடக்கும் என்பதைப் பெரும்பாலும் அருகிலுள்ள சிறு வரிசைகளே தீர்மானிக்கின்றன. படியெடுப்புக் காரணிகள் எனும் புரதங்கள் அங்கேதான் வந்து அமர்கின்றன. ரெட்ரோவைரஸ் எச்சங்கள் உட்பட, டிஎன்ஏவில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளும் பெருக வேண்டுமானால் யாராவது தம்மைப் படியெடுத்தாக வேண்டும். அதனால் அப்படிப்பட்ட வரிசைகளைக் கையோடு கொண்டுவருகின்றன. சுயநலத்துக்கு வந்த சுவிட்ச்தான். ஆனால் செருகிக்கொண்ட இடத்தில் பக்கத்து மரபணுவையும் அது இயக்கிவிடும்.

நம் மரபணுத்தொகுதியில் கிட்டத்தட்ட பாதி இத்தகைய துண்டுகளின் மிச்சம். சுமார் 300 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள அலு எனும் துண்டின் பிரதிகள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவை தாவும் திறனை இழந்தவை. ஆனால் தாவ முடியாத துண்டின் சுவிட்சும் வேலை செய்யும். 1940களில் மக்காச்சோளத்தில் தாவும் துண்டுகளைக் கண்ட மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக், இவை மரபணுக்களைக் கட்டுப்படுத்துகின்றன என்று அப்போதே வாதிட்டார். நோபல் பரிசு வந்தது 1983இல்!

எதிர்ப்பாற்றலிலும் இதைக் காணலாம். மெர்41 என்ற பழைய ரெட்ரோவைரஸ் எச்சம், தொற்றின்போது வெளிப்படும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரானுக்குப் பதில் தருகிறது. ஏஐஎம்2 எனும் எதிர்ப்பு மரபணுவுக்கு அருகிலிருந்த அதன் பிரதியை 2016இல் கிரிஸ்பர் எனும் டிஎன்ஏ வெட்டும் கருவி கொண்டு வெட்டி எடுத்தபோது, மனிதச் செல்களில் இன்டர்ஃபெரான் கொடுத்தும் ஏஐஎம்2 தூண்டப்படவில்லை. இந்தச் சோதனைதான் முக்கியம். படியெடுப்புக் காரணி ஒன்று வந்து அமர்கிறது என்பதால் மட்டும் ஒரு துண்டு பயனுள்ளது என்றாகாது. நீக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

செல்லும் சும்மா இருப்பதில்லை. மீத்தைல் எனும் வேதிக் குறிகளை ஒட்டியும், டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் துத்தநாக விரல் புரதங்களை ஏவியும் இத்துண்டுகளை ஊமையாக்கி வைக்கிறது. அந்தப் பிடி தளரும்போது ஆபத்து. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோயின் செல்களில், அடங்கிக் கிடக்க வேண்டிய ஒரு ரெட்ரோவைரஸ் எச்சம் உயிர்பெற்று, பி செல் எனும் வெள்ளணுவின் வழிவந்த அச்செல்களில் இயங்கவே கூடாத சிஎஸ்எஃப்1ஆர் மரபணுவைப் படியெடுக்க வைக்கிறது. அந்தப் புரதத்தை நம்பித்தான் புற்றுச் செல்கள் பிழைக்கின்றன.