குண்டாகியும் சர்க்கரை வராத சுண்டெலி

"கொழுப்பு ஜீனை அணைத்துவிட்டால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு வைக்காதாமே, எலியில் நிரூபித்துவிட்டார்களாமே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கூடவே ஒரு மூலிகைப் பொடி விளம்பரத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். பொடியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். எலி விஷயம் பாதி உண்மை. அந்தப் பாதி, விளம்பரத்தைவிடச் சுவாரசியமானது.

சாப்பிட்ட எண்ணெய் கொழுப்பு அமிலமாக உடைவதும், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் அதைச் சுமந்து போவதும் பள்ளியில் படித்ததுதான். செல்லுக்குள் நுழைந்த பிறகுதான் சிக்கல். உள்ளே பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு அமிலம் அதில் லேசில் கரையாது. இன்னொரு தொல்லையும் உண்டு. தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து சோப்பு தயாரிக்கிறார்களே, அந்தச் சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்புதான். செல்லுக்குள் கொழுப்பு அமிலம் அவிழ்த்துவிட்டபடி திரிந்தால், பாத்திரத்துப் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோல் செல்லின் சவ்வையே கரைக்கப் பார்க்கும். ஆகவே அதைத் தனியே விடக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கொழுப்பு அமிலப் பிணைப்புப் புரதம். சுருக்கமாக ஃபேப். கல்லீரலுக்கு ஃபேப்1, குடலுக்கு ஃபேப்2, இதயத்துக்கு ஃபேப்3, மூளைக்கு ஃபேப்7 என்று ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கிறது. கொழுப்பு செல்லில் இருப்பது ஃபேப்4. சுண்டெலியின் 3ஆம் குரோமோசோமில் இதற்கான மரபணு இருக்கிறது. வாசகர் கேட்ட 'கொழுப்பு ஜீன்' இதுதான்.

இந்தப் புரதத்தின் வடிவம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. மூடி போட்ட சின்னப் பனையோலைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 132 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே இழை பத்து பட்டைகளாக மடிந்து, ஐந்தைந்தாக இரண்டு பாய்களாகி, நடுவில் குழிவு விட்டுப் பெட்டியாகிறது. வாய்ப்பக்கம் இரண்டு குட்டிச் சுருள்கள் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். கொழுப்பு அமிலம் உள்ளே போனதும் அதன் எதிர்மின் தலையை ஆர்ஜினின் என்ற நேர்மின் அமினோ அமிலங்கள் பிடித்துக்கொள்ளும், வால் வளைந்து மடங்கிக் கிடக்கும்.

இதுவரை அது வெறும் சுமைதூக்கி. அப்புறம்தான் வேடிக்கை. நல்லெண்ணெயில் நிறைய இருக்கும் லினோலிக் அமிலம் இந்தப் பெட்டிக்குள் ஏறினால், பெட்டி செல்லின் உட்கருவுக்குள் போகிறது. உட்கரு வாசலில் கண்டவர்களையும் விடமாட்டார்கள். நேர்மின் கொண்ட அமினோ அமிலங்கள் சேர்ந்த ஓர் அடையாளம் வேண்டும். வழக்கமாக அது இழையில் அடுத்தடுத்து எழுதியிருக்கும். ஃபேப்4இன் இழையை எத்தனை முறை வாசித்தாலும் அப்படி ஒன்று கிடைக்காது. 21ஆம் இடத்தில் ஒரு லைசின், 30இல் ஆர்ஜினின், 31இல் இன்னொரு லைசின். இழையில் தள்ளித் தள்ளி இருக்கும் இவை, மடிந்த பிறகு மூடிப்பகுதியில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. சரியான பயணி ஏறி மூடி ஒழுங்காகப் பதிந்தால் மட்டுமே அந்த அடையாளம் வேலை செய்கிறது. அதாவது, பயணி ஏறிய பிறகுதான் வண்டிக்கு பர்மிட்டே தயாராகிறது! உள்ளே போன பெட்டி, சரக்கை பிபிஏஆர்-காமா என்ற புரதத்திடம் ஒப்படைக்கிறது. அது பல மரபணுக்களை முடுக்கிவிடும். அவற்றில் ஒன்று ஃபேப்4 மரபணுவேதான்.

சரி, அந்த மரபணுவை எடுத்துவிட்டால்? 1996இல் கோகன் ஹோட்டமிஷ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் அதைச் செய்து பார்த்து 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தச் சுண்டெலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி போட்டார்கள். நன்றாகவே குண்டாகின. ஆனால் உடன் குண்டான சாதாரண எலிகளுக்கு வந்த இன்சுலின் எதிர்ப்பு (செல்கள் இன்சுலினுக்கு மசியாத நிலை) இவற்றுக்கு வரவில்லை. கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிச் சமிக்ஞையும் தலைகாட்டவில்லை. உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் இணைக்கும் கயிறு ஒன்று அறுந்திருந்தது.

ஃபேப்4 இல்லாத கொழுப்பு செல் சும்மா இருக்கவில்லை. தம்பி முறையான ஃபேப்5ஐ அள்ளி அள்ளித் தயாரித்தது. 2005இல் இரண்டையும் சேர்த்து நீக்கிய எலிகளில்தான் எடை ஏறுவதும் கல்லீரலில் கொழுப்பு படிவதும்கூடக் குறைந்தன. 2013வாக்கில் இன்னொரு திருப்பம்: ஃபேப்4 செல்லுக்குள் மட்டும் இல்லை, ரத்தத்திலும் கலந்து கல்லீரலைக் கூடுதல் குளுக்கோஸ் உற்பத்தி செய்யத் தூண்டுகிறது என்று எலியில் தெரியவந்தது. மனிதர்களிலும் இந்த மரபணு பிறவியிலேயே சற்று மந்தமாக இயங்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைவு, சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பும் குறைவு என்று 2006 ஆய்வு ஒன்று சொன்னது.

இத்தனைக்கும் ஆரம்பம் என்ன தெரியுமா? 1970களில் ஹோவர்ட் கிரீன் என்ற உயிரியலாளர், தட்டில் வளர்த்த சுண்டெலிக் கருச் செல்களில் சில, பெருகுவதை நிறுத்திவிட்டு எண்ணெய்த் துளிகளைச் சேர்த்துக்கொள்வதைக் கவனித்தார். அவற்றைப் பிரித்து வளர்த்தார். கொழுப்பு செல்லின் மரபணுக்களைத் தேடியவர்களுக்கு அந்தச் செல்கள்தான் வயலாக அமைந்தன. ஃபேப்4 மாட்டியதும் அங்கேதான். "தட்டில் செல் கொழுக்கிறது, ஏன் என்று பார்க்கப் பணம் தாருங்கள்" என்று இன்று ஒரு மாணவி விண்ணப்பித்தால் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் நம் குழுக்கள் "இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

கடைசியாக, வாசகர் அனுப்பிய பொடி. குடல் கொழுப்பை உறிஞ்சுவதைத் தடுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது. குடலில் இருக்கும் ஃபேப்2ஐ நீக்கிப் பார்த்த ஆய்வும் 2000இல் வந்தது. கொழுப்பு உறிஞ்சப்படுவது நிற்கவில்லை. ஆண் எலிகளோ முன்னைவிட எடை போட்டன. பொடிக்காரரிடம் அடுத்த முறை பேசினால், தன் பொடி எந்த ஃபேப்பை அணைக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள்.