கடல் எங்கே போகிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "ஒடிசாவில் ஒரு கடற்கரையில் தண்ணீர் 5 கிலோமீட்டர் உள்ளே போய்விடுகிறதாம். வீடியோ பார்த்துவிட்டு, சுனாமி வரப்போகிறது, சாமி கோபம் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா சார்?"

கடல் போவது உண்மை. பயம்தான் வேண்டாம். அந்த ஊர் சந்திப்பூர். சென்னை–ஹவுரா ரயில் பாதையில் உள்ள பாலசோரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நம் ஆட்கள் ஒடிசா போனால் புரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இங்கே வருகிறவர்கள் குறைவு. கடல் இங்கே ஒரு நாளைக்கு இரண்டு முறை போய், இரண்டு முறை திரும்பி வருகிறது. சுனாமிக்கு இப்படிக் கால அட்டவணை கிடையாது.

நிலவும் சூரியனும் இழுப்பதால் ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம், உண்டாகிறது, அமாவாசை பௌர்ணமியில் அது கூடுகிறது என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியதாக அந்த நாட்களில் செய்தி வருவதும் இதனால்தான். ஆனால் அதே நிலவுதானே சென்னைக்கும்? மெரினாவில் ஏன் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் போவதில்லை?

விடை நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலேயே இருக்கிறது. நீர்மட்டம் ஓர் அடி குறைந்தால் அணைச் சுவரில் என்ன தெரியும்? ஓர் அடி உயரத்துக்கு ஈரக்கோடு, அவ்வளவுதான். அப்படியே எதிர்ப்பக்கம், ஆறு வந்து சேரும் தட்டையான பகுதிக்குப் போய்ப் பாருங்கள். அதே ஓர் அடிக்கு அங்கே தண்ணீர் வெகுதூரம் விலகி, சேறு வெளியே தெரியும். தண்ணீர் இறங்கியது ஒரே அளவுதான். எவ்வளவு தூரம் விலகுகிறது என்பதைத் தரையின் சரிவு முடிவு செய்கிறது. 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் மட்டுமே சரியும் தரையில், மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால் கரை 1 கிலோமீட்டர் நகர்ந்தாக வேண்டும். சந்திப்பூரின் அதிசயம் முழுவதும் இந்த ஒரு கணக்குதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

அந்தத் தட்டைத் தரை ஆறுகள் செய்த வேலை. சுவர்ணரேகாவும் புத்தபலங்காவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. வங்காள விரிகுடா வடக்கே குறுகி, ஆழமும் குறைவதால் ஓதத்தின் உயரமும் அங்கே கூடுகிறது. சரிவு குறைவு, ஏற்ற இறக்கம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும்.

சரி, திரும்பி வரும்போது எவ்வளவு வேகம்? ஏறுவதற்குச் சுமார் 6 மணி நேரம். முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, அப்புறம் மறுபடி குறையும். தரை ஒரே சரிவு என்று வைத்துக்கொண்டால், 5 கிலோமீட்டரில் நடு மணிகளில் மணிக்கு 1.25 கிலோமீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 மீட்டர். நடையை விட மெதுவுதான். ஆனால் சேற்றில் கால் புதையும். அதோடு தண்ணீர் முதலில் பள்ளங்களில்தான் ஏறும். நாம் மேட்டில் நின்று முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் ஓடை நிறைந்துவிடலாம்.

அந்தச் சேற்றில் குதிரை லாட நண்டு ஊர்வதைப் பார்க்கலாம். 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வம்சம். இரத்தத்தில் செம்பு இருப்பதால் நீல நிறம். ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அந்த இரத்தம் பயன்படுகிறது. ஏவுகணைச் சோதனைத் தளம் இருப்பதும் இதே ஊரில்தான். அதற்குச் செலவாகும் பணத்தில் ஒரு துளியாவது இந்த உயிரினத்தின் ஆராய்ச்சிக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் உள்வாங்கும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணி என்றால் நாளை 10.50. கடலில் இறங்குவதற்கு முன் அங்குள்ள மீனவரிடம் நேரம் கேளுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கும் முன்பே திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.