கல் செய்கிறவர் பின்னால், கட்டுரை எழுதியவர் முன்னால்

செட்டிநாட்டில், காரைக்குடி பக்கம் இருக்கும் ஆத்தங்குடியின் தரைக்கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. இதைப் பரம்பரையாகச் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஆத்தங்குடி டைல்ஸ்' என்று தேடினால் அவருக்கு முன்னால் யார் நிற்பார்கள்? பெருநகர விற்பனைத் தளங்கள், வீட்டு அலங்காரப் பத்திரிகைகள், அந்தக் கல்லின் மேல் கால் வைத்தே பார்க்காத யாரோ எழுதிய 'பத்து அழகான தரைகள்' கட்டுரை. இதில் சதி எதுவும் தேவையில்லை. தேடுபொறி போடும் கணக்கே அப்படித்தான் போகிறது.

நாம் கேட்கும் நொடியில் தேடுபொறி இணையத்தைப் புரட்டுவதில்லை. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்னமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதிலிருந்து ஆயிரக்கணக்கான பக்கங்களை எடுத்துவிடலாம். எதை முதலில் காட்டுவது என்பதுதான் பாடு. சொல் எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணினால், ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தவன் ஜெயித்துவிடுவான். 1990களில் அந்தக் கூத்தும் நடந்தது.

ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் ஒரு கட்டுரையில் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை வேறு வழியில் போனது. செட்டிநாட்டுப் பெட்டியடியில் கடன் கேட்டு வரும் புது ஆளிடம் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்பது போன்றது அது. சொல்லி அனுப்பியவரின் செல்வாக்கு எவ்வளவு, அவர் இப்படி எத்தனை பேரை அனுப்புகிறார் என்பதைப் பொறுத்து அந்தச் சிபாரிசுக்கு எடை.

இணையத்தில் சிபாரிசு என்பது லிங்க். சராசரிப் பக்கத்தின் மதிப்பு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 10 உள்ள ஒரு பக்கம் 5 லிங்க் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 2 பங்கு, அதில் 0.85 மடங்கு, அதாவது 1.7 போய்ச் சேரும். அதே பக்கம் 100 லிங்க் கொடுத்தால் தலைக்கு 0.085தான். அதென்ன 0.85? லிங்க் லிங்க்காக மனம் போனபடி கிளிக் செய்துகொண்டே போகும் ஒருவர், 15 சதவீத வாய்ப்பில் சலித்துப்போய் வேறெங்காவது தாவிவிடுவார் என்பது அனுமானம். அந்தத் தாவல் இல்லையென்றால், தங்களுக்குள்ளேயே லிங்க் கொடுத்துக்கொள்ளும் நாலு பக்கங்கள் மதிப்பை எல்லாம் உறிஞ்சிக்கொண்டுவிடும். யாருமே லிங்க் கொடுக்காத பக்கத்துக்கு இந்தத் தாவலால் வரும் 0.15 மட்டும் மிச்சம். நம் பட்டறைக்காரர் நிற்பது அங்கேதான்.

அருமையான யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது அளப்பது ஊரில் எடுத்த பெயரை, சரக்கை அல்ல. இன்று வரிசை போடத் தேடுபொறி பார்க்கும் நூற்றுக்கணக்கான குறிப்புகளில் பேஜ்ரேங்க் ஒன்றுதான். ஆனாலும் பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும் சுழற்சி நிற்கவில்லை. முதலில் தெரிகிற பக்கத்தைப் பலர் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் சிலர் லிங்க் கொடுக்கிறார்கள், அதனால் அது இன்னும் மேலே போகிறது.

நம் கண்ணும் இதற்கு உடந்தை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் யோவாகிம்ஸும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றிக் காட்டினார்கள். அப்போதும் முதல் இடத்தில் நின்றதற்கே அதிகக் கிளிக். அப்படியிருக்க, கிளிக்கை அப்படியே தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? தான் போட்ட வரிசையைத் தானே மெச்சிக்கொண்ட மாதிரி ஆகும்.

லிங்க்கை விலைக்கு விற்கும் வியாபாரமும் முளைத்தது. அதை ஒடுக்க 2012இல் கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆட்டம் இன்னும் முடிந்தபாடில்லை.

தமிழில் இன்னொரு தடங்கல். காரைக்குடியில், காரைக்குடிக்கு, காரைக்குடியிலிருந்து எல்லாம் ஒரே ஊர்தான் என்று பொறிக்குப் புரிய வேண்டும். ஆத்தங்குடியை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அப்புறம், விலைப்பட்டியலையே படமாகப் போட்டுவிடும் பழக்கம் வேறு. அதில் இருப்பதைப் பொறி சரியாக வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பட்டறைக்காரர் செய்யக்கூடியது: விவரங்களை எழுத்தாகவே போடுவது, ஊர்ப்பெயரை எல்லா வடிவங்களிலும் குறிப்பிடுவது, வரைபடத்தில் கடையைச் சேர்ப்பது, தன் கல்லைப் பதித்த பாரம்பரிய விடுதிகளிடம் லிங்க் கேட்டு வாங்குவது. மதிப்பு 10 உள்ள, 5 லிங்க் மட்டும் தரும் ஒரு தளம் மனது வைத்தாலே 0.15 என்பது 1.85 ஆகிவிடும்.

காசு விவகாரம் தனி. விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அதே 1998 கட்டுரையில் பேஜும் பிரினும் எழுதியிருந்தார்கள்! பிறகு அவர்கள் கட்டிய கூகுள் நிறுவனம் விளம்பரத்தில்தான் வளர்ந்தது. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் உள்ளிட்டோர் கொடுத்த புகார்களில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போனது. ஐரோப்பிய ஆணையம் 2017இல் போட்ட 242 கோடி யூரோ அபராதத்தை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதி செய்தது. ஐரோப்பிய வழக்கு, கூகுள் தன் சொந்தப் பொருள் ஒப்பீட்டுச் சேவையை முன்னால் நிறுத்தியதைப் பற்றியது. இந்திய ஆணையம் தவறென்று கண்டவற்றில், விமானப் பயணத் தேடலுக்கு அது கொடுத்த தனி இடமும் ஒன்று. லிங்க் கிடைக்காத சின்னத் தளம் பின்தங்குவதை இரண்டும் தொடவில்லை.